ஆற்றில் அணித் தூண்டில் போட்டி: மீன் வராத இடத்திலும் திட்டத்தையே பிடித்துக்கொண்டு உட்காரணுமா?

கேள்வி: ஜூலை 14, மாலை 6.10

ஐந்து பேர் அணி, கரையை ஐந்து பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு எங்களில் ஒருவர். என் இடத்தில் மீன் இல்லை என்று முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்போதும் அணி பேசி வைத்த திட்டப்படியே உட்காரணுமா? என் கணக்கு இதுதான்: கடைசி வரை ஆழத்தில் போட்டுக் காத்திருந்தால் ஒரு பெரிய கெண்டை மாட்டும், எல்லாம் சரியாகிவிடும். யாராவது மறுக்கிறீர்களா?

ஜூலை 14, இரவு 9.40

மறுக்கிறேன். இன்றைக்குத்தான் அப்படியொரு போட்டி முடிந்து வந்திருக்கிறேன். கோபம் இன்னும் தணியவில்லை, அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

அணிப் போட்டியில் ஐந்து பேர் எடையையும் கூட்டி ஜெயித்தவரைச் சொல்வதில்லை. உங்கள் பிரிவுக்குள் நீங்கள் எத்தனையாவது இடம் என்பதுதான் உங்கள் புள்ளி. முதலிடம் 1, ஏழாமிடம் 7. ஐந்து பேர் புள்ளியையும் கூட்டினால் எந்த அணிக்குக் குறைவோ அதற்கு வெற்றி. கூட்டுத்தொகை சமமாக வந்தால்தான் மொத்த எடையைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவரை 5 கிலோவில் முந்தினாலும் 5 கிராமில் முந்தினாலும் லாபம் ஒரே புள்ளி.

மீனே பிடிக்காதவர் நிலை இன்னும் மோசம். 12 பேர் உள்ள பிரிவில் 8 பேருக்கு மீன் கிடைத்து 4 பேர் வெறுங்கை என்றால், மிச்சமிருக்கும் 9 முதல் 12 வரையான இடங்களின் சராசரி ஆளுக்கு விழும். அதாவது 10.5. அந்த நால்வரில் ஒருவர் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு பொடிமீன் பிடித்திருந்தால் அவருக்கு 9. பத்து கிராம் மீனுக்கு ஒன்றரைப் புள்ளி! பெரிய கெண்டைக்காகக் காத்திருக்கிறவர் கைவிடுவது இதைத்தான்.

எங்கள் முடிவு: ஏ பிரிவில் 3, பி-யில் 2, சி-யில் நான் 7, டி-யில் 4, இ-யில் 5. மொத்தம் 21. ஜெயித்த அணிக்கு 20. இன்னொரு அணிக்கும் 21தான், எடையில் எங்களை முந்தி இரண்டாமிடத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு மூன்றாமிடம்.

ஒரு புள்ளி. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 15, காலை 7.15

தூக்கம் வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சீட்டுக் குலுக்கலில் எனக்கு உட்கார விழுந்தது சி-4. வளைவின் உள்பக்கம். எண்கள் நீரோட்டத்தோடு கீழே போகின்றன, அதாவது சி-5 எனக்குக் கீழே. ஆழம் பார்க்கும் ஈயத்தை முள்ளில் மாட்டி அளந்தேன். கம்பு நீளம் 13 மீட்டர், அந்தத் தூரத்தில் இரண்டரை மீட்டர் ஆழம், தரை சுத்தம். ஒரு சுள்ளியை நீரில் போட்டுப் பார்த்தால் 10 மீட்டர் அகலமுள்ள என் இடத்தைக் கடக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. சோம்பலான நீர். தரையில் மேயும் கெண்டைக்கு நல்ல இடம் என்றே தோன்றியது.

இந்த வகைப் போட்டியில் ஆட்டம் தொடங்கும் முன் 10 நிமிடம் பெரிய உருண்டைகளை வீசலாம். இரை மாவையும் மண்ணையும் பிசைந்து இரண்டு கையாலும் உருட்டிய உருண்டைகள். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒரு கையால் பிடித்த சின்ன உருண்டை மட்டும்தான். ஆக அந்த 10 நிமிடத்தில் ஆற்றுக்குள் போனது போனதுதான், அப்புறம் திருத்த வழியில்லை.

அணித் திட்டம்: முக்கால் பங்கை அந்த 10 நிமிடத்திலேயே 13 மீட்டர் கோட்டில் கொட்டுவது, கெண்டைக் கூட்டம் வந்து தங்குவதற்குக் காத்திருப்பது. மேற்கே வானம் இருட்டியிருந்தது, பாதியை நிறுத்தி வைக்கலாம் என்று நான் சொன்னேன். கேப்டன் ஒப்பவில்லை. பயிற்சியில் நிறையக் கொட்டியவர்களுக்குத்தான் மீன் வந்தது என்றார். அதுவும் உண்மைதான். கொட்டினேன்.

கரையோரச் சேற்றில் நீர்மட்டத்தில் ஒரு குச்சியைச் செருகி வைப்பது என் வழக்கம். முதல் மணி நேரம் முடிவதற்குள் தண்ணீர் அந்தக் குச்சியில் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அதுவரை பச்சையாக இருந்த நீர் கலங்கி மண் நிறமானது. மறுபடியும் ஒரு சுள்ளி போட்டேன். இந்த முறை 15 விநாடி. மேலே மதகைத் திறந்துவிட்டார்கள் என்று பின்னால் நடந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

10 மீட்டருக்கு 15 விநாடி என்றால் ஒரு நிமிடத்தில் 40 மீட்டர். உருண்டை கரைந்து உதிர்கிற ஒவ்வொரு துணுக்கும் ஒரு நிமிடத்தில் நான்கு பேர் இடத்தைத் தாண்டிவிடும். மெதுவான நீருக்கென்று பிசைந்த மாவு அது, சீக்கிரம் உடைய வேண்டும் என்றே மண்ணைக் குறைத்துப் பிசைந்தது. அது உடைந்தது, போனது. கொஞ்ச நேரத்தில் சி-5 காரரின் கம்பு வளைய ஆரம்பித்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. நல்ல உள்ளங்கை அகலக் கெண்டைகள். நான் கொட்டிய இரை அவர் காலடியில் கிடக்கிறது, மீனும் அங்கே நிற்கிறது. இதைவிட எரிச்சலான காட்சி ஆற்றங்கரையில் கிடையாது.

எனக்கு அதுவரை கிடைத்தது 150 கிராம் தேறும் ஒரே ஒரு கெண்டை.

இரண்டாவது மணி நேரத்தின் நடுவில் நீளக் கம்பை ஓரம் வைத்துவிட்டு 4 மீட்டர் குட்டைக் கம்பை எடுத்தேன். கரையோரம் ஓட்டம் தளர்ந்த இடத்தில் மேல்நீரில் திரியும் பொடிமீன்களைக் குறிவைத்தேன். ஒற்றை ஈப்புழு, முழங்கை ஆழம். திட்டத்தை விட்டு விலகுகிறேன் என்று பின்னால் வந்த எங்கள் ஆளிடம் சொல்லி அனுப்பினேன். நிமிடத்துக்கு ஒன்று வீதம் வந்தது. ஒவ்வொன்றும் 12 கிராம் இருக்கும். அதுதான் என்னைப் பிரிவின் அடிமட்டத்திலிருந்து மேலே கொண்டு வந்தது.

கேட்டவருக்குப் பதில் இதுவே. திட்டத்தை விடலாம். ஆனால் அணியிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

ஜூலை 15, மதியம் 1.30

12 கிராம் மீனைப் போய் யார் பிடிப்பார்கள் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். எடைப் பட்டியலைப் பாருங்கள்.

5ஆம் இடம்: 1,480 கிராம்.
6ஆம் இடம்: 1,390 கிராம்.
7ஆம் இடம், நான்: 1,320 கிராம்.
8ஆம் இடம்: 1,150 கிராம்.

எனக்கும் ஆறாமிடத்துக்கும் நடுவில் 70 கிராம். ஆறு பொடிமீன். நேரத்தில் சொன்னால் ஆறு நிமிடம்.

ஜூலை 15, இரவு 10.05

கடைசி நேரத்தில் ஒரு மீன் கைநழுவியதாமே என்று அந்தக் கதையைக் கேட்கிறீர்கள். எழுதாமல் தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு.

ஆட்டம் முடிய 40 நிமிடம் இருக்கும்போது கேப்டனிடமிருந்து செய்தி வந்தது. இ பிரிவில் எங்கள் ஆள் வழி கண்டுபிடித்துவிட்டார்: மாவில் களிமண்ணைக் கூடுதலாகச் சேர்த்து இறுக்கிப் பிசைந்து, உள்ளே செத்த ஈப்புழுவை மட்டும் வைத்து உருட்ட வேண்டும். உயிரோடு இருக்கும் புழு நெளிந்து நெளிந்து உருண்டையை உள்ளிருந்தே உடைத்துவிடும், செத்த புழு உடைக்காது. கூடவே 15 கிராம் தட்டைத் தக்கை. சாதாரண உருளைத் தக்கையை வேகமான நீரில் பிடித்து நிறுத்தினால் அது மேலெழும்பி, முள்ளையும் தரையை விட்டுத் தூக்கிவிடும். தட்டு வடிவத் தக்கை ஓட்டத்தில் விளிம்பைக் காட்டி நிற்கும், இரை தரையிலேயே அசையாமல் கிடக்கும். "நீளக் கம்புக்குத் திரும்பு" என்பது உத்தரவு. திரும்பினேன்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. புல்லும் இலையும் நரம்பில் சுற்றிக்கொண்டே இருந்தன, ஒவ்வொரு முறையும் இழுத்து வழித்துவிட்டுப் போட வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் தக்கையின் நுனி ஒரு முறை சாய்ந்தது. நிமிர்ந்தது. அப்புறம் அப்படியே அமுங்கிப் போனது. தூக்கினேன். கம்பு நுனிக்குள் இருக்கும் ரப்பர் வெளியே நீண்டது. கெண்டைதான், கால் கிலோ இருக்கும். பெரிய மீன் இல்லை, ஆனால் ஓட்டம் அதன் பக்கம். முள் கட்டிய நரம்பு 0.12 மில்லிமீட்டர்தான், இழுத்துவிடவும் முடியாது.

13 மீட்டர் கம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பின்னால் கம்பைத் தாங்கும் உருளையில் அது ஓடுகிறது, மீன் கீழ்நோக்கி சி-5 எல்லைக்கு இழுக்கிறது, அவர் நரம்பில் சிக்கினால் இருவருக்கும் போச்சு. கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து மேல்நீருக்குத் திருப்பினேன். பின்பகுதியைக் கழற்றினேன். இடது கையில் கைவலை. மீன் ஒரு முறை பக்கம் காட்டியது, வாய் திறந்து தலை நீருக்கு மேலே வந்தது. வலையின் வளையத்தை அதன் அடியில் நீட்டுகிறேன். விசில்.

அந்த விநாடியில் மீனின் பாதி உடல் தண்ணீருக்குள். நடுவர் என் பின்னாலேயே நின்றிருந்தார். தலையை ஆட்டினார். வலையில் ஏற்றி, முள்ளைக் கழற்றி, நேரே ஆற்றில் விட்டேன். பிடித்த மீனை எடை வரை வைத்திருக்கும் வலைப்பைக்குள் போட அனுமதியில்லை.

ஜூலை 16, காலை 8.20

விசிலுக்கு முன்பே மாட்டிய மீன் செல்லும்தானே என்கிறீர்கள். சில இடங்களில் அப்படி விதி உண்டு. நன்னீர்த் தூண்டில் போட்டிகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிப்செட் விதிப்படி, முடிவு ஒலிக்கும்போது மீன் நீரை விட்டு முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். எங்கள் போட்டியும் அந்த விதிப்படிதான். நடுவர் செய்தது சரி, அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

குறை வேறு இடத்தில். முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஓர் எச்சரிக்கை ஒலி கொடுக்க வேண்டும். அது எங்கள் முனையில் கேட்கவே இல்லை. சி-3, சி-5 இருவரும் கேட்கவில்லை என்றே சொன்னார்கள். காற்று எதிர்த்திசையில் அடித்தது, ஒரே ஒரு ஊதல்தான் வைத்திருந்தார்கள், அதுவும் ஏ பிரிவுப் பக்கம். நேரம் தெரிந்திருந்தால் மீனை இன்னும் கொஞ்சம் அவசரப்படுத்தியிருப்பேன். நரம்பு அறுந்திருந்தாலும் அறுந்திருக்கும், அது வேறு விஷயம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையில் பிரிவுக்கு ஒரு ஊதல் வைக்க வேண்டும் என்று நடத்தியவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 18, இரவு 9.15

எங்கள் பி பிரிவுக்காரர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அந்த மீன் செல்லுபடியாகியிருந்தால் எனக்கு 1,570, ஐந்தாமிடம், அணிக்கு 19 என்பதோடு நாங்கள் விட்டிருந்தோம். அவர் சொன்னது: "அண்ணே, நீங்க ரெண்டு இடம் ஏறினா ரெண்டு பேர் இறங்கணுமே, அவங்க யாருன்னு பாத்தீங்களா?"

சி பிரிவில் ஆறாமிடம் பிடித்தவர் ஜெயித்த அணிக்காரர். ஐந்தாமிடம் இரண்டாவது அணிக்காரர். நான் ஏறினால் இருவரும் ஒவ்வோர் இடம் இறங்குவார்கள். அப்போது எங்களுக்கு 19, ஜெயித்த அணிக்கு 20 அல்ல 21, இரண்டாவது அணிக்கு 22. ஒரு புள்ளியில் தோற்றவர்கள் இரண்டு புள்ளியில் ஜெயித்திருப்போம். கால் கிலோ கெண்டை ஒன்று மூன்று புள்ளியைப் புரட்டிப் போடுகிறது.

இதைக் கேட்டு எரிச்சல் கூடியதா குறைந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் அணிப் போட்டியில் விளையாடுகிற எல்லோரும் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் பிரிவில் எதிரணியின் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவரை முந்துவது இரட்டை லாபம்.

ஜூலை 19, காலை 6.50

கேட்டவர் இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, கடைசியில் ஒரு கெண்டைதான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கும், நான் சொன்னதுதானே" என்கிறார். அவசரப்படாதீர்கள். அந்தக் கெண்டை எனக்கு இரண்டு இடம் தந்திருக்கும் என்றால் காரணம் அதற்கு முன்னால் வலைப்பையில் இருந்த 1,320 கிராம். அதில் பொடிமீன்களை எடுத்துவிட்டால் மிச்சம் 150. 150 கிராமோடு கால் கிலோவைச் சேர்த்தால் 400. எட்டாமிடத்துக்கே 1,150 வேண்டும்.

ஜூலை 19, மாலை 5.30

சி-5 காரர் பற்றி ஒரு விஷயம். எடை போட்டு முடிந்ததும் என் இடத்துக்கே வந்து கைகொடுத்தார். "உங்க சாப்பாடு நல்லா இருந்துச்சு, அடுத்த தடவையும் என் மேல்பக்கமே உட்காருங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன், அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவர் பிரிவில் இரண்டாவது. நல்ல தூண்டில்காரர். நீர் ஏறியதும் அவரும் முறையை மாற்றினார்: தன் இரையை எல்லையின் மேல் ஓரத்தில் போட்டு, தக்கையைக் கீழ் ஓரத்தில் நிறுத்தினார். என் இரையும் அவர் இரையும் சேரும் இடம் அது. அதிர்ஷ்டம் மட்டுமென்று சொன்னால் அது நியாயமில்லை.

ஜூலை 21, இரவு 11.00

இதைப் பற்றித்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசி மீனை விடுங்கள். அந்த 40 நிமிடம்.

நீர் நன்றாகக் கலங்கியதும் பொடிமீன் குறைந்துவிட்டது. அவை கண்ணால் பார்த்து இரையெடுப்பவை, கலங்கல் நீரில் ஈப்புழு அவற்றுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு ஒன்று என்பது மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகிவிட்டது. சரி, அந்த வேகத்திலேயே குட்டைக் கம்பில் இருந்திருந்தால்? 40 நிமிடத்துக்குப் பதின்மூன்று மீன். 150 கிராம் கிட்டே. 1,320 என்பது 1,470 ஆகியிருக்கும். ஐந்தாமிடத்துக்கு 10 கிராம் குறைவு, ஆனால் ஆறாமிடம் உறுதி. நான் 6, ஜெயித்த அணிக்காரர் 7. எங்களுக்கு 20, அவர்களுக்கு 21, மற்ற அணிக்கும் 21.

கோப்பை எங்களுடையது. ஒரு கெண்டையும் இல்லாமலே.

இந்த இடத்தில் கேப்டன் மேல் பழியைப் போடுவது சுலபம். நான் அதைச் செய்யமாட்டேன். அவரிடம் இருந்தது ஒரு நல்ல செய்தி, இ பிரிவில் அது வேலை செய்தது. அதை எல்லோருக்கும் அனுப்பினார். அது எந்த நேரத்தில் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் கோளாறு. இரண்டாவது மணி நேரத்தில் வந்திருந்தால் களிமண் உருண்டைகளைச் சிறிது சிறிதாகப் போட்டு மீனைத் திருப்பிக் கூட்டியிருக்கலாம், அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். 40 நிமிடம் இருக்கும்போது வரும் ஆள் முறையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. "உனக்கு மேலே இருப்பவர் எவ்வளவு, கீழே இருப்பவர் எவ்வளவு" என்று மட்டும் சொன்னால் போதும். 70 கிராம் தூரத்தில் ஆறாமிடம், எட்டாமிடம் பின்னால் 170 கிராம் என்று தெரிந்திருந்தால், நானே குட்டைக் கம்பை விட்டிருக்கமாட்டேன், கேப்டனும் விடச் சொல்லியிருக்கமாட்டார்.

உட்கார்ந்திருக்கிறவனுக்கு இருபக்கமும் இரண்டு பேர்தான் தெரியும். பிரிவு முழுவதும் தெரிவது பின்னால் நடக்கிறவருக்கு மட்டும்.

ஜூலை 22, காலை 7.40

"எடை போடும் முன் மற்றவர் எடை எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. கிராம் கணக்கில் தெரியாது. ஆனால் கரையில் நடப்பவர் ஒவ்வொருவர் பின்னாலும் இரண்டு நிமிடம் நின்று, எத்தனை மீன் என்று நிற்கிறவர்களிடம் கேட்டு, அளவைக் கண்ணால் பார்த்தால் ஓரளவு சரியாக மதிப்பிடலாம். பழகியவர்கள் கெண்டையை 50 கிராம் பிசகில் சொல்வார்கள். நடு இடங்களில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்பார்கள், அந்த நெருக்கம் தெரிந்தாலே போதும்.

ஜூலை 24, இரவு 8.30

இதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிட வேண்டும். நீளக் கம்பைப் பின்னுக்குத் தள்ளுவது பற்றி நான் எழுதியதைப் பார்த்துப் புதியவர் ஒருவர் உருளை எங்கே வைப்பது என்று கேட்டார். உருளை வைக்கும் முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். இந்தக் கம்புகள் எல்லாமே கார்பன் இழை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி போகும் இடத்தில் 13 மீட்டர் கம்பை நிமிர்த்தினால் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை, நெருங்கினாலே பாயும். இடி மின்னல் வந்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போங்கள். புள்ளி, இடம், கோப்பை எதுவும் அதற்குச் சமமில்லை.

உருளை: நீங்கள் உட்காரும் பெட்டிக்குப் பின்னால் நாலைந்து மீட்டரில், கம்பு தானாகச் சமநிலைப்படும் இடத்தில்.

ஜூலை 28, காலை 9.00

"இடப் புள்ளி முறையே அநியாயம், எடையைக் கூட்டினால் என்ன" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஒரு புள்ளியில் தோற்ற நான் சொல்கிறேன், இந்த முறைதான் சரி.

ஆற்றில் எல்லா இடமும் ஒன்றல்ல. வளைவின் வெளிப்பக்கம் ஆழம், ஓட்டம். உள்பக்கம் மேடு, தளர்ந்த நீர். ஒரு பிரிவில் ஆளுக்கு 10 கிலோ வரும், அடுத்த பிரிவில் முழுப் பிரிவுக்குமே 10 கிலோ வராது. எடையைக் கூட்டினால் மீன் உள்ள பிரிவில் நல்ல இடம் கிடைத்த ஒருவர் அணியையே ஜெயிக்க வைத்துவிடுவார், மற்ற நால்வர் தூங்கலாம். இடப் புள்ளி முறையில் நீங்கள் உங்கள் பக்கத்து நீரில் உள்ளவர்களோடுதான் மோதுகிறீர்கள். மீன் குறைந்த பிரிவில் உட்கார்ந்திருப்பவரின் உழைப்புக்கும் அதே மதிப்பு.

உலகப் போட்டியும் இப்படித்தான். 1957இல் பெல்ஜியத்தின் லியேஜில் முதல் உலகப் போட்டி நடந்தது, இத்தாலி அணி ஜெயித்தது. இப்போது அணிக்கு ஐந்து பேர், ஐந்து பிரிவு, இரண்டு நாள். இரண்டு நாள் புள்ளியையும் கூட்டுகிறார்கள். சீட்டில் ஒரு நாள் மோசமான இடம் விழுந்தாலும் மறுநாள் சரிக்கட்ட வாய்ப்பு உண்டு. எங்கள் போட்டி ஒரே நாள், அந்த வாய்ப்பு எங்களுக்கு இல்லை. நான் மாற்றக் கேட்பது ஏதாவது இருந்தால் அது இதைத்தான்.

குலுக்கல்தான் எல்லாம் என்பவர்கள் இங்கிலாந்தின் ஆலன் ஸ்காட்தார்னைப் பார்க்க வேண்டும். தனிநபர் உலகப் பட்டம் 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு, அப்புறம் 2003, 2007. அவருக்கு முன்னால் அதே நாட்டின் பாப் நட் 1990, 1991, 1994, 1999 என்று நான்கு முறை. குலுக்கல் ஒருவருக்கு இத்தனை முறை சாதகமாக விழாது.

ஜூலை 28, மதியம் 12.10

சேர்க்க விட்டது: நான் முதலில் சி-4ஐக் கெட்ட இடம் என்று எழுதவில்லை, ஆனால் படித்த சிலர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நீர் ஏறும் நாளில் வளைவின் உள்பக்கம் மற்ற இடங்களைவிடத் தேவலை. நடு ஓட்டம் வேகமெடுக்கும்போது மீன் தளர்ந்த நீருக்கு ஒதுங்கும். பொடிமீன் என் கரையோரம் கிடைத்ததே அதனால்தான். எதிரே வெளிப்பக்கத்தில் இருந்திருந்தால் அதுவும் இல்லை. இரையைக் கொட்டிய கோடு ஓட்டத்தின் விளிம்பில் இருந்ததுதான் வம்பு. அதே இரை இன்னும் ஐந்து மீட்டர் கரைப்பக்கம் கிடந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

ஜூலை 30, இரவு 9.50

களிமண் எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நாங்கள் இப்போது செய்வது இது.

மாவை முதல் நாள் இரவே லேசாக நனைத்து வைத்துவிடுகிறோம். காலையில் மறுபடி கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சல்லடையில் தேய்த்து இறக்குவது. நனைத்தவுடன் பிசைந்தால் வெளியே ஈரமும் உள்ளே வறட்சியுமாக இருக்கும், அந்த உருண்டை தரைக்குப் போனதும் வெடித்து மேலே மிதந்துவிடும். களிமண்ணைத் தனியாகச் சலித்து வைக்க வேண்டும், கட்டி இருக்கக் கூடாது. மெதுவான நீருக்கு மாவு கூடுதல், மண் குறைவு. நீர் வேகமெடுத்தால் பாதிக்குப் பாதி, இன்னும் வேகமென்றால் மண்தான் முக்கால். கைக்குள் இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து நீருள்ள வாளியில் போட்டுப் பாருங்கள். அடியில் உருண்டையாகவே உட்கார்ந்து, ஓரத்திலிருந்து மெல்ல உதிர ஆரம்பித்தால் சரியான பதம்.

மொத்த அளவையும் நினைவில் வையுங்கள். ஃபிப்செட் போட்டிகளில் மண்ணும் சேர்த்து 17 லிட்டர் என்பதுதான் வழக்கமான வரம்பு. மண்ணைக் கூட்டினால் மாவு குறையும். எங்கள் இ பிரிவுக்காரர் களிமண்ணைக் கலக்காமல் தனி வாளியில் வைத்திருந்தார், நீர் மாறியதும் கலந்தார். நான் கலந்தே கொண்டு போயிருந்தேன், ஏனென்றால் எல்லோரும் அப்படிச் செய்வதாகத்தான் பேச்சு.

ஆகஸ்ட் 4, காலை 10.20

நேற்று அணி கூடியது. கேப்டனே முதலில் பேசினார், 40 நிமிடச் செய்தியைப் பற்றி. நான் எழுதியதைப் படித்திருக்கிறார். வருத்தமில்லை, கணக்கைத் தாளில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

முடிவானவை: பின்னால் நடக்க இனி இரண்டு பேர், ஒருவர் ஏ, பி, சி, மற்றவர் டி, இ. ஒவ்வொரு மணி நேர முடிவிலும் எதிரணிகளின் நிலையை எழுதிக்கொண்டு வருவார்கள். முதல் இரண்டு மணி நேரம் எந்த முறை வேலை செய்கிறது என்ற செய்தி, கடைசி மணி நேரம் எடை வித்தியாசம் மட்டும். களிமண் ஐந்து பேருக்கும் தனி வாளியில். நீர் ஏறும் அறிகுறி இருந்தால் முதல் 10 நிமிட வீச்சில் பாதிதான். அதைத் தீர்மானிப்பது அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர், கேப்டன் அல்ல. இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் நிறைய வாதாட வேண்டியிருந்தது. டி பிரிவுக்காரர் இன்னமும் ஒப்பவில்லை. ஐந்து பேரும் ஐந்து விதமாகக் கொட்டினால் எந்த முறை சரி என்று ஒப்பிடவே முடியாது என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது, அடுத்த பயிற்சியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

ஊதல் விஷயத்துக்கும் பதில் வந்தது. அடுத்த போட்டியிலிருந்து பிரிவுக்கு ஒன்று வைக்கிறார்களாம்.

கேட்டவருக்கு ஒன்று: உங்கள் அடுத்த போட்டி இரண்டு வாரத்தில் என்றீர்கள். 4 மீட்டர் கம்பை முன்கூட்டியே கட்டி, நரம்பு சுற்றி, பெட்டிக்கு வலதுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். உறைக்குள் வைத்தால் எடுக்க மனசு வராது.